ஒன்பதாவது சில்லு

நினைவகத்தைக் கூட்டிய பிறகு கணினி தடுமாறுவது, கணினித் தொழிலோடு கூடவே வளர்ந்த பழுது. வன்தட்டு கெட்டால் பெரும்பாலும் சத்தம் கேட்கும். அச்சுப்பொறி கெட்டால் தாளில் தெரியும். நினைவகம் கெட்டால் அது தன் பெயரில் வெளிப்படுவதில்லை. கெட்ட பிட்டில் ஆணை ஒன்று இருந்தால் நிரல் நிற்கும். முகவரி இருந்தால் இயங்குதளமே விழும். படத்தின் ஒரு புள்ளி இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. கணக்கின் ஓர் எண் இருந்தால் தவறான விடை சரியான விடையைப் போலவே அச்சாகி வரும். ஆகவே இந்தப் பழுதின் கதையில் முக்கியமான கேள்வி, அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு யார் தலையில் விழுந்தது என்பதே. தொடக்கத்தில் இயந்திரமே அதைச் செய்தது. பிறகு செலவைக் குறைக்க அந்த வேலை கைவிடப்பட்டு, கணினியை வாங்கியவரிடமும் பழுதுபார்ப்பவரிடமும் வந்து சேர்ந்தது.

1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிலேக்களால் ஆன கணினி ஒன்று இருந்தது. கணக்கில் பிழை நேர்ந்தால் அது தானே உணர்ந்துகொள்ளும். பக்கத்தில் ஆள் இருந்தால் நிறுத்திச் சரிசெய்யலாம். வார இறுதியில் ஆள் இருக்கமாட்டார்கள் என்பதால், பிழை கண்ட கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதவியலாளரின் வேலைகள் இப்படி அடுத்தடுத்த வார இறுதிகளில் கைவிடப்பட்டன. பிழை இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல ஏன் தெரியவில்லை என்ற அவருடைய எரிச்சல், 1950இல் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் ஒரு கட்டுரையாக வெளிவந்தது. பிழை திருத்தும் குறியீடுகள் என்ற துறையே அதிலிருந்துதான் தொடங்குகிறது.

அதற்கு முன்பே இருந்த எளிய முறைக்குப் பாரிட்டி என்று பெயர். 8 பிட்டுகளோடு ஒன்பதாவதாக ஒரு பிட்டைச் சேர்த்து, மொத்தத்தில் 1களின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாக இருக்கும்படி வைத்துக்கொள்வார்கள். படிக்கும்போது இரட்டைப்படையாக வந்தால் எங்கோ ஒரு பிட் மாறியிருக்கிறது. எது என்று தெரியாது. இரண்டு பிட்டுகள் சேர்ந்து மாறினால் மாறியதே தெரியாது. ஹாமிங்கின் வழியில் வளர்ந்த குறியீடுகளோ 64 பிட்டுகளுக்கு 8 பிட்டுகள் கூடுதலாக வைத்துக்கொண்டு, ஒரு பிட் தவறினால் திருத்தவும் இரண்டு தவறினால் அறிவிக்கவும் செய்தன. பெரும்பாலான பெருங்கணினிகளில் இந்த இரண்டில் ஒன்று இயந்திரத்துக்குள்ளேயே இருந்தது. நினைவகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர் வருவார், பொருத்துவார், சோதனை நிரல்களை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்படைப்பார். வாடிக்கையாளர் பெட்டியைத் திறக்கும் வழக்கமே இல்லை.

இந்தப் பாதுகாப்பை வீண்செலவு என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் பெரியவர் சீமோர் கிரே. அவர் வடிவமைத்து 1964இல் வெளிவந்த சிடிசி 6600 அக்காலத்தின் அதிவேகக் கணினி. அதன் நினைவகத்தில் பாரிட்டி இல்லை. வேகத்துக்கு இடையூறான எதையும் அவர் விரும்பவில்லை. பிறகு அவருடைய சொந்த நிறுவனம் செய்த கிரே-1 கணினிகளில் முதலாவது, பாரிட்டி மட்டும் கொண்டது, 1976இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்துக்கு ஆறு மாதச் சோதனைக்குப் போனது. அந்த ஆறு மாதத்தில் நினைவகப் பாரிட்டிப் பிழைகள் 152 பதிவாயின. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேல் இருக்கும் அந்த ஊரில் விண்வெளிக் கதிர்களின் தாக்கம் அதிகம் என்பது பிற்கால விளக்கம். அடுத்து விற்கப்பட்ட கிரே-1களில் பிழை திருத்தும் சுற்று சேர்க்கப்பட்டது. பாரிட்டி இல்லாமல் போயிருந்தால் அந்த 152 பிழைகளும் 152 மர்மங்களாகவோ, யாரும் கவனிக்காத தவறான விடைகளாகவோ போயிருக்கும்.

தனிநபர் கணினியில் இந்தத் தொல்லை தொடங்குவதற்குக் காரணம் டைனமிக் ரேம். ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில், ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரு செல்லாகி, ஒரு பிட்டை வைத்திருக்கும். 1970இல் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 சில்லு 1,024 பிட்டுகள் கொண்டது. மலிவும் அடர்த்தியும் இதன் பலம். பலவீனம், மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் ஓட்டைக் குடத்துத் தண்ணீர்போலக் கசிந்துகொண்டே இருக்கும் என்பது. சில மில்லிநொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வரிசையையும் படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும். நிரப்பும் நேரம் சற்றுப் பிசகினாலும் எழுதியது போய்விடும்.

அந்தப் பிசகைப் பொதுமக்கள் முதலில் சந்தித்தது ஆல்டேர் 8800 கணினியில். 1975 ஜனவரியில் அமெரிக்க மின்னணு இதழ் ஒன்றின் அட்டையில் வந்த இந்தக் கணினியில் அடிப்படையாக இருந்தது வெறும் 256 பைட் நினைவகம். பில் கேட்ஸும் பால் ஆலனும் எழுதிய பேசிக் மொழிப் பதிப்பை ஓட்ட 4 கிலோபைட்டாவது வேண்டும். ஆல்டேரைச் செய்த எம்ஐடிஎஸ் நிறுவனம் அதற்கென ஒரு டைனமிக் நினைவகப் பலகையை விற்றது. அது ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அக்கால ஆர்வலர்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. பேசிக்கை நினைவகப் பலகையோடு சேர்த்து வாங்கினால் மலிவு, தனியாக வாங்கினால் பல நூறு டாலர். எனவே பலரும் பிராசசர் டெக்னாலஜி போன்ற வேறு நிறுவனங்களின் நம்பகமான, திரும்ப நிரப்பத் தேவையில்லாத ஸ்டாட்டிக் பலகைகளை வாங்கிக்கொண்டு, பேசிக்கை நண்பர்களிடமிருந்து நகலெடுத்துக்கொண்டார்கள். 1976 பிப்ரவரியில் கேட்ஸ் எழுதிய புகழ்பெற்ற பகிரங்கக் கடிதம் இந்த நகலெடுப்பைக் கண்டித்தது. மென்பொருள் திருட்டு பற்றிய விவாதத்தின் தொடக்கத்தில் ஒரு மோசமான நினைவகப் பலகை இருப்பதை மென்பொருள் வரலாறுகள் அவ்வளவாக வலியுறுத்துவதில்லை.

1978இல் இன்னொரு வகைப் பிழை புரிந்தது. இன்டெல்லில் டிமோதி மே, முரே வுட்ஸ் ஆகிய இருவரும், எந்தக் குறையும் இல்லாத 16 கிலோபிட் சில்லுகளில் அவ்வப்போது ஒரு பிட் மட்டும் மாறிவிட்டு அடுத்த முறை சரியாக இருப்பதை ஆராய்ந்தார்கள். சில்லை மூடியிருந்த பீங்கான் உறையில் மிகச் சிறு அளவில் யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவை வெளியிடும் ஆல்பா துகள்கள் மின்தேக்கியின் மின்னூட்டத்தைக் குலைத்தன. அடுத்த ஆண்டே ஐபிஎம்மின் ஜேம்ஸ் சீக்லரும் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் லான்போர்டும் விண்வெளிக் கதிர்களும் இதையே செய்யும் என்று காட்டினார்கள். பழுதே இல்லாத சில்லும் பிழை செய்யும் என்பது உறுதியானதில், பழுது பார்ப்பவருக்கு ஒரு புதிய சிக்கல் பிறந்தது. ஒருமுறை மட்டும் தோன்றி மறைந்த பிழைக்காக எதையும் கழற்றி மாற்றுவதில் பொருளில்லை. திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்தால்தான் சில்லு கெட்டது என்று கொள்ளலாம். இந்த வேறுபாடு இன்றுவரை நிற்கிறது.

1981 ஆகஸ்ட்டில் வந்த ஐபிஎம் பிசி பெருங்கணினி மரபைச் சாமானியரின் மேசைக்குக் கொண்டுவந்தது. அதன் மதர்போர்டில் நான்கு வரிசைகள், வரிசைக்கு ஒன்பது சில்லுகள். எட்டு சில்லுகள் தரவுக்கு, ஒன்பதாவது பாரிட்டிக்கு. முதல் வரிசை பற்றவைக்கப்பட்டது, மற்றவை சாக்கெட்டில் செருகுபவை. 16 கிலோபைட்டில் தொடங்கி 64 வரை மதர்போர்டிலேயே கூட்டலாம், அதற்கு மேல் விரிவாக்க அட்டையில். படித்த பைட்டில் பாரிட்டி பொருந்தாவிட்டால் நிரல்கள் வழக்கமாகத் தடுக்க முடியாத ஒரு குறுக்கீடு செயலிக்குப் போகும். திரையில் பாரிட்டி செக் 1 என்றோ 2 என்றோ எழுதிவிட்டு இயந்திரம் உறைந்துவிடும். 1 என்றால் கோளாறு மதர்போர்டில், 2 என்றால் அட்டையில். சேமிக்காமல் வைத்திருந்த வேலை எல்லாம் போய்விடும் என்பதால் இதைத் திட்டாதவர் குறைவு. ஆனால் பொய்யான விடையோடு தொடர்வதைவிட நிற்பது மேல் என்பதே ஐபிஎம்மின் நிலைப்பாடு. கணக்குப்பதிவுக்கு வாங்கப்பட்ட இயந்திரத்தில் அது சரியான முடிவும்கூட. மின்சாரம் கொடுத்ததும் ஓடும் தன்சோதனையில் பழுது தெரிந்தால் 201 என்ற எண் வரும். அதற்கு முன்னால் வரும் பதினாறடிமான எண்ணைப் பிரித்துப் பார்த்தால் எந்த வரிசையில் எந்தச் சில்லு என்பதே தெரிந்துவிடும். நினைவகப் பழுதை இவ்வளவு துல்லியமாகத் தானே சொன்ன வீட்டுக் கணினிகள் குறைவு.

இருந்தும் நினைவகத்தைக் கூட்டுவது கைத்திறன் கேட்கும் வேலையாகவே இருந்தது. பதினாறு கால்கள் கொண்ட சில்லுகளைப் பெருவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தி ஏற்ற வேண்டும். ஒரு கால் உள்பக்கமாக மடிந்துகொண்டால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. தலைகீழாகச் செருகி மின்சாரம் கொடுத்தால், மூன்று வெவ்வேறு மின்னழுத்தங்களில் இயங்கிய அக்காலச் சில்லு பிழைப்பது அரிது. எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்ல மதர்போர்டில் சிறு ஸ்விட்சுகள் இருந்தன. உள்ளதைவிட அதிகமாகச் சொல்லிவிட்டால் இல்லாத சில்லைத் தேடிப் பிழை காட்டும். குறைவாகச் சொன்னால் புதிதாகப் போட்டது சும்மா கிடக்கும். சில்லின் முதுகில் 20, 15, 12 என்று அச்சிட்டிருப்பது வேகம்: 200, 150, 120 நானோநொடி. கணினி கேட்கும் வேகத்தைவிட மெதுவான சில்லைப் போட்டால் பெரும்பாலான நேரம் ஓடும், அறை சூடானதும் விழும். எல்லாம் சரியாகச் செய்த பிறகும், தினமும் சூடாகி ஆறும் பலகையில் சில்லுகள் மெல்ல மெல்லச் சாக்கெட்டைவிட்டு மேலே எழும்பி வந்தன. அன்றைய பழுதுபார்ப்பவர்கள் பெட்டியைத் திறந்ததும் முதலில் செய்தது எல்லாச் சில்லுகளையும் ஒருமுறை அழுத்திவிடுவதுதான். வியக்கத்தக்க அளவு பழுதுகள் அதோடு முடிந்தன.

1983இல் வாங் லேபரட்டரீஸ் நிறுவனம் உருவாக்கிய சிம் என்ற சிறு பலகை, ஒன்பது சில்லுகளையும் ஒன்றாகப் பற்றவைத்துக் கொடுத்தது. கைபேசியில் போடும் சிம்முக்கும் இதற்கும் தொடர்பில்லை. மடிந்த கால்களும் தலைகீழ்ச் சில்லுகளும் ஒழிந்தன. அவற்றின் இடத்தில் வேறு தொல்லைகள் வந்தன. 30 முனை சிம் ஒன்று 8 பிட் அகலம் கொண்டது. 32 பிட் செயலியான 386டிஎக்ஸ், 486 கணினிகளில் நான்கு சேர்ந்தால்தான் ஒரு தொகுதி. நான்கில் ஒன்று வேறு வேகமாக இருந்தாலும் தொகுதியே தடுமாறும். ஒன்பது சில்லுகள் கொண்ட சிம்மும், அதே அளவை மூன்று சில்லுகளில் அடக்கிய சிம்மும் பெயரளவில் சமம். ஒரே தொகுதியில் கலந்தால் சில மதர்போர்டுகள் பாரிட்டிப் பிழை காட்டின. முனைகளில் பூசும் உலோகமும் ஒரு காரணம் ஆயிற்று. தகரம் பூசிய சாக்கெட்டில் தங்கம் பூசிய சிம்மைப் போட்டால் முதலில் நன்றாகவே ஓடும். நுண்ணிய அதிர்விலும் வெப்ப மாற்றத்திலும் தகரம் உரசி ஆக்சைடு ஆகி, தங்கத்தின்மேல் படிந்து, சில மாதங்கள் கழித்துத் தொடர்பு அறுபடும். இணைப்பான்கள் செய்த ஏஎம்பி நிறுவனம் இரண்டையும் கலக்கக் கூடாது என்று விதிகளே வெளியிட்டது. நினைவகம் கூட்டிப் பல மாதம் ஆனபின் வரும் பழுதை யாரும் அந்தக் கூட்டலோடு சேர்த்து நினைக்கமாட்டார்கள் என்பதால், இதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது.

இதற்கிடையே விலை ஏறியிறங்கியது. 1986இல் அமெரிக்காவும் ஜப்பானும் செய்துகொண்ட சில்லு வர்த்தக ஒப்பந்தத்தைத் தொடர்ந்து 1988இல் கடும் தட்டுப்பாடு. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமா நகரில் சுமிடோமோ கெமிக்கல் ஆலையில் வெடிவிபத்து. சில்லுகளின் உறைக்கான பிசினில் உலகத் தேவையின் பெரும்பகுதி அங்கேதான் தயாரானது. செய்தி வந்ததும் நினைவகத்தின் விலை எகிறியது. ஒன்பதில் ஒரு பங்கை மிச்சப்படுத்தும் ஆசை இத்தகைய நேரங்களில்தான் வலுக்கிறது. சிலர் நேர்மையாக எட்டு சில்லுகள் கொண்ட சிம்மை எட்டு சில்லு என்று சொல்லியே விற்றார்கள். வேறு சிலர் ஒன்பதாவது இடத்தில் நினைவகச் சில்லுக்குப் பதிலாக ஒரு சிறு தர்க்கச் சுற்றை வைத்தார்கள். அது எதையும் நினைவில் வைக்காது. படிக்கும் நேரத்தில் எட்டு பிட்டுகள் எப்படி வருகின்றனவோ அதற்கேற்ற பாரிட்டியை அந்தக் கணமே உண்டாக்கிக் கொடுக்கும். எட்டில் ஒன்று தவறியிருந்தாலும் கணக்கு எப்போதும் பொருந்தும். நினைவக வணிகத்தில் நடந்த ஏமாற்றுகளில் இதைவிடச் சாமர்த்தியமானது இல்லை. பாதுகாப்புக்காகக் காசு கொடுத்தவருக்குப் பாதுகாப்பு இருப்பதான நம்பிக்கை மட்டும் கிடைத்தது.

1995இல் இன்டெல் வெளியிட்ட 430எஃப்எக்ஸ் சிப்செட், ட்ரைட்டன் என்ற பெயரில் பரவலாக விற்றது. அதில் பாரிட்டிக்கு இடமே இல்லை. நினைவகம் இப்போது நம்பகமாகிவிட்டது, வீட்டுக் கணினிக்கு இது தேவையில்லை என்பது தொழில்துறையின் வாதம். ஆப்பிள் மெக்கின்டோஷ்களில் பெரும்பாலும் முதலிலிருந்தே பாரிட்டி இருந்ததில்லை என்பதும் அதற்குத் துணையாகச் சொல்லப்பட்டது. 1996இல் நினைவகத்தின் விலை சரிந்து விழுந்தது. மிச்சப்படுத்த வேண்டிய காரணம் போன பிறகும் ஒன்பதாவது பிட் வீட்டுக் கணினிக்குத் திரும்பவில்லை. அது சர்வர்களுக்கான தனிச் சரக்காகி, தனி விலையும் பெற்றது.

ஒன்பதாவது பிட் இல்லாத கணினிகளில் நினைவகப் பழுது வேடமிட்டு வரத் தொடங்கியது. விண்டோஸ் 3.1இல் பாதுகாப்பு மீறல் என்ற செய்தியாகவும், விண்டோஸ் 95, 98இல் நீலத் திரையாகவும், சில நேரம் எந்தச் செய்தியும் இல்லாத மறுதொடக்கமாகவும் அது தெரிந்தது. விண்டோஸை நிறுவும்போது குறுவட்டின் கோப்பு சிதைந்திருக்கிறது என்று வரும் செய்தி மிகவும் ஏமாற்றுவது. சுருக்கிய கோப்பை விரிப்பது நினைவகத்தில் நடக்கிறது; அங்கே ஒரு பிட் மாறினால் சரிபார்ப்புக் கணக்கு பொருந்தாது; பழி வட்டின்மேல் விழும். நல்ல குறுவட்டுகள் பல இப்படிக் குப்பைக்குப் போயின. மைக்ரோசாஃப்ட் 1993இல் எம்எஸ்-டாஸ் 6.2இல் ஹைமெம் கோப்பு ஏறும்போதே நினைவகத்தைச் சோதிக்கும்படி செய்தது. தாமதம் பிடிக்காத பலர் அந்தச் சோதனையை அணைத்துவைத்தார்கள்.

லினக்ஸ் பயன்படுத்தியவர்களிடம் வேறு ஓர் அறிகுறி பிரபலமானது. இயங்குதளத்தின் கருநிரலைத் தொகுக்கும் வேலை நினைவகத்தை முழுக்கப் பயன்படுத்தி நெடுநேரம் ஓடும். நடுவில் தொகுப்பி சிக்னல் 11 என்று சொல்லி நின்றுவிடும். மீண்டும் தொடங்கினால் வேறோர் இடத்தில் நிற்கும். மென்பொருள் பிழையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இடம் மாறி மாறி நின்றால் வன்பொருளைப் பார் என்று நெதர்லாந்தைச் சேர்ந்த ரோஜியர் வுல்ஃப் தொகுத்த கேள்வி பதில்கள் அறிவுறுத்தின. பழுதறியும் கலையில் இது ஒரு நல்ல விதி. இன்றைக்கும் நீலத் திரையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் வந்தால் முதல் சந்தேகம் நினைவகத்தின்மேல்தான்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த நல்ல சோதனை வேண்டும். தன்சோதனையில் ஓடும் எண்ணிக்கை அதற்குப் போதாது; அது நினைவகம் இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, அக்கம்பக்கத்துச் செல்களின் நிலையைப் பொறுத்து மட்டும் தவறும் செல்லைப் பிடிக்காது. அத்தகைய பழுதுகளை எந்த வரிசையில் எழுதிப் படித்தால் பிடிக்கலாம் என்ற ஆய்வு 1970களிலேயே நடந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நாயர், தாட்டே, ஆபிரகாம் ஆகியோர் 1978இல் வெளியிட்ட கட்டுரை அதில் முக்கியமானது. ஆலைகளின் சோதனைக் கூடங்களில் இருந்த இந்த அறிவை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது, 1990களின் நடுவில் கிறிஸ் பிராடி எழுதிய மெம்டெஸ்ட்86. இயங்குதளம் எதுவும் இல்லாமல் நேரடியாகத் துவங்கும். தான் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் சோதிக்க, தன்னையே வேறிடத்துக்கு நகர்த்திக்கொள்ளும். ஒரு வடிவத்தை நினைவகம் முழுக்க எழுதி, கீழிருந்து மேலே படித்துக்கொண்டே தலைகீழாக்கி, பிறகு மேலிருந்து கீழே அதையே செய்யும். 2004 முதல் சாமுவேல் டெமுலமீஸ்டர் வளர்த்த மெம்டெஸ்ட்86+ என்ற கிளையும் பரவியது. இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் சிவப்பு வரி இருக்கிறதா என்று பார்ப்பது உலகெங்கும் பழுதுபார்ப்பவர்களின் வழக்கமாயிற்று. பிழை காட்டினால் பழுது உறுதி. காட்டாவிட்டால் பழுதில்லை என்று உறுதி கிடையாது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் இந்தக் கலை அசெம்பிள்டு கணினிகளோடு வளர்ந்தது. சென்னை ரிச்சி தெருவிலும் டெல்லி நேரு பிளேஸிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பூட்டிய கணினியில், நினைவகம் ஒரு கடையில், மதர்போர்டு இன்னொரு கடையில். பொருத்தம் பார்க்கும் பொறுப்பு பூட்டியவருடையது. ஸ்கிரீன் வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால் ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் முனைகளைத் தேய்த்து, திரும்பப் போடுவது இங்கே எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். படிந்த அழுக்கும் ஆக்சைடும் போவதால் அது பலிக்கும். கழற்றிப் போட்டதே பாதி நேரம் போதுமானது என்பதும், மெல்லிய தங்கப் பூச்சு ஒவ்வொரு தேய்ப்பிலும் குறைகிறது என்பதும் அந்த வைத்தியத்தின் மறுபக்கம்.

நினைவகம் முழு நலமாக இருந்தும் கூட்டியதும் கணினி தடுமாறிய நிகழ்வுகள் 1990களின் இறுதியில் பெருகின. விண்டோஸ் 98இல் 512 மெகாபைட்டுக்கு மேல் போட்டால், கோப்புத் தற்காலிக இருப்புக்கான நிரல் முகவரிகளை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்ளும். நினைவகத்தைக் கூட்டியவரிடம் நினைவகம் போதவில்லை என்று கணினி சொல்லும். அமைப்புக் கோப்பில் அந்த இருப்புக்கு ஓர் உச்சவரம்பு எழுதிவைப்பது தீர்வு. இன்டெல்லின் 440பிஎக்ஸ் சிப்செட்டுக்கு 256 மெகாபிட் சில்லுகளைத் தெரியாது. எட்டே சில்லுகளால் ஆன 256 மெகாபைட் மாட்யூலை, அதாவது நினைவகப் பலகையை, பாதியாகவே காட்டும். 430எஃப்எக்ஸ் போன்றவற்றில் 64 மெகாபைட்டுக்கு மேல் போட்டது வேக இடைநினைவகத்துக்கு எட்டாது. நினைவகம் கூடக் கூடக் கணினி மெதுவானது.

தயாரிப்பாளரே சிக்கிக்கொண்டது 1999இல். ராம்பஸ் என்ற புதிய வகை நினைவகத்துக்காக இன்டெல் உருவாக்கிய 820 சிப்செட் செப்டம்பரில் வெளிவர இருந்தது. மூன்று ஸ்லாட்டுகள் கொண்ட மதர்போர்டுகளில் தரவு பிழையாவது கடைசி நேரத்தில் தெரிந்ததால் வெளியீடு நின்றது. இறுதியில் இரண்டு ஸ்லாட்டுகளோடு வந்தது. ராம்பஸ் விலை அதிகம் என்பதால் பழைய எஸ்டிரேமையும் பயன்படுத்த இடையில் ஒரு மொழிமாற்றுச் சில்லு வைத்த பலகைகளும் விற்றன. அந்தச் சில்லில் மின் இரைச்சலால் கணினி தானாக மறுதொடக்கம் ஆகவோ உறையவோ செய்யலாம் என்று 2000 மே மாதம் இன்டெல் அறிவித்து, பலகைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஸ்லாட்டுகளின் எண்ணிக்கையே பழுதுக்குக் காரணமாகும் அளவுக்கு வேகம் ஏறிவிட்டதை இந்த நிகழ்வு காட்டியது.

அதற்குப் பிந்தைய கால் நூற்றாண்டின் பழுதுகளை விளக்குவது இதுதான். ஒவ்வொரு மாட்யூலும் மின்தடத்தின்மேல் ஒரு சுமை. தடத்தில் ஓடும் சமிக்ஞை ஒவ்வொரு கிளையிலும் எதிரொலிக்கும். தனித்தனியே குறையில்லாத நான்கு மாட்யூல்கள் சேர்ந்து தவறலாம். 1998 அளவில் பரவிய பிசி100 விதிமுறை, மாட்யூலிலேயே ஒரு சிறு சில்லில் அதன் வேக விவரங்களை எழுதிவைத்து, கணினி தானே படித்துக்கொள்ளும்படி செய்தது. 2007இல் இன்டெல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி அதே சில்லில் விதிமுறைக்கு மேற்பட்ட வேகங்களையும் எழுத வழிசெய்தது. பெட்டியில் அச்சிட்ட வேகம் மாட்யூல் தயாரிப்பாளரின் வாக்குறுதி. அந்த வேகத்தில் ஓட்ட வேண்டிய நினைவகக் கட்டுப்படுத்தியோ செயலிக்குள் இருக்கிறது. ஏஎம்டி 2003இலும் இன்டெல் 2008இலும் அதைச் செயலிக்குள் கொண்டுபோய்விட்டன. 2022இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7000 செயலிகள் இரண்டு மாட்யூல்களோடு டிடிஆர்5 வகை நினைவகத்துக்கு 5200 வேகத்தை உறுதி செய்கின்றன. நான்கு போட்டால் உறுதி 3600 மட்டுமே. இரண்டோடு 6000இல் ஓடிய கணினியில் அதே மாதிரி இன்னும் இரண்டை வாங்கிப் போட்டால் அது விழுவதில் வியப்பில்லை. டிடிஆர்5இல் முதல் முறை துவங்கும்போது கணினி தடங்களின் நேரங்களை அளந்து சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்தக் கருந்திரையைப் பழுது என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்துபவர்கள் இன்னும் உண்டு.

நினைவகம் நம்பகமாகிவிட்டது என்ற 1995இன் வாதம் பிற்பாடு அளந்து பார்க்கப்பட்டது. 2009இல் கூகுள் சர்வர்களை ஆராய்ந்த பியாங்கா ஷ்ரோடரும் அவருடைய கூட்டாளிகளும், ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட மாட்யூல்கள் குறைந்தது ஒரு திருத்தக்கூடிய பிழையையாவது காட்டியதாகவும், பிழைகளில் பெரும்பகுதி கதிர்களால் வரும் தற்செயல் பிழைகளாக இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் வன்பழுதுகளாகத் தெரிவதாகவும் கண்டார்கள். 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் 10 லட்சம் வீட்டுக் கணினிகளின் வீழ்ச்சிப் பதிவுகளைப் பார்த்தார்கள். ஒரு பிட் நினைவகப் பிழையால் விழும் வாய்ப்பு 1,700இல் ஒன்று. ஒருமுறை விழுந்த கணினி மறுபடி விழும் வாய்ப்பு 12இல் ஒன்று. ஒருமுறை வந்தால் மீண்டும் வரும் என்று பழுதுபார்ப்பவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்ததற்கு எண்கள் கிடைத்தன. டிடிஆர்5 சில்லுகள் பிழை திருத்தும் சுற்றைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. சில்லுக்குள் நேரும் பிழையை அது திருத்தும்; திருத்தியதை வெளியே சொல்லாது; சில்லுக்கும் செயலிக்கும் நடுவே உள்ள தடத்தில் நேரும் பிழையைத் திருத்தவும் செய்யாது. கூட்டிய மாட்யூலால் வரும் தொல்லைகளில் பல அந்தத் தடத்தில்தான் நடக்கின்றன.

எனவே இன்றைய நடைமுறை பழைய காலத்ததிலிருந்து அதிகம் விலகவில்லை. பயாஸைப் புதுப்பித்து, வேகத்தை விதிமுறை அளவுக்கு இறக்கிப் பார்ப்பார்கள். அப்போதும் விழுந்தால் ஒரே மாட்யூலை வைத்துச் சோதிப்பார்கள், பிறகு அதையே வேறு ஸ்லாட்டில். பிழை மாட்யூலோடு நகர்ந்தால் மாட்யூல் கெட்டது. ஸ்லாட்டோடு நின்றால் ஸ்லாட்டோ, செயலிச் சாக்கெட்டில் வளைந்த முனையோ காரணம். ஒவ்வொன்றும் தனியே தேறி, சேர்ந்தால் மட்டும் தவறினால் எதுவும் கெடவில்லை. வேகத்தைக் குறைப்பதோ, ஒன்றாகச் சோதித்து விற்ற தொகுப்பை வாங்குவதோதான் வழி. மெல்லிய மடிக்கணினிகளில் நினைவகம் பற்றவைக்கப்பட்டே வருவதால் இந்தக் கழற்றி மாற்றும் முறைக்கே அங்கே வேலையில்லை. அவற்றில் ஒரு செல் கெட்டால், நெதர்லாந்தின் ரிக் வான் ரைன் லினக்ஸுக்காக எழுதிய பேட்ரேம் காட்டிய வழி இருக்கிறது: சோதனையில் தெரிந்த கெட்ட முகவரிகளைப் பட்டியலிட்டுக் கொடுத்தால், இயங்குதளம் அந்த இடங்களைத் தொடாமல் மற்றவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும். விண்டோஸிலும் துவக்க அமைப்பில் இப்படிப் பட்டியல் கொடுக்க முடியும்.